ஆறு பேருக்கு ஒரு படகு

திருப்பத்தூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்பது குடத்தில் அடங்குவது. கிணற்றில் இறைப்பதும், குழாயடியில் காத்திருந்து பிடிப்பதும், மழைக்காலத்தில் சவ்வாது மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் நான்கு நாள் ஆரவாரம் செய்துவிட்டு அடங்கிப் போவதைப் பார்ப்பதுமே நம்முடைய நீர் அனுபவம். ஜலகம்பாறை அருவியில் தலை நனைப்போம். ஏலகிரி மலைமேல் புங்கனூர் ஏரியில் அரைமணி நேரம் படகில் சுற்றுவோம். பாலாற்றை வரைபடத்தில் நீலமாகவும் நேரில் மணலாகவும் கண்டவர்கள் நாம். கமலைக் கிணறுகளில் குதித்து நீச்சல் பழகிய தலைமுறை மூத்துவிட்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கமும் இல்லை.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு சிறு குடும்பம், ஒரு நகரத்தின் நடுவே ஓடும் கால்வாயில் படகேறி, காயலைக் கடந்து, ஒரு புனிதர் பிறந்த வீட்டைப் பார்த்து வரலாம் என்று முடிவு செய்தது. செலவைப் பற்றியும் விடுமுறையைப் பற்றியும்தான் யோசிக்க வேண்டியிருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் மூன்று வாரம் எங்கள் வீட்டில் சமாதானத்தைக் குலைத்தது ஓர் எண். ஆறு என்னும் எண்.

ஆசை என் தாயாருடையது. அவருக்கு வயது 81. புனித குரியாக்கோஸ் எலியாஸ் சாவராவின் பெயரை அவர் முதன்முதலில் கேட்டது 1986 பிப்ரவரியில். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கோட்டயத்துக்கு வந்து, அல்போன்சம்மாளையும் சாவரா அடிகளாரையும் ஒரே நாளில் அருளாளர்களாக உயர்த்திய காலம் அது. பின்னர் 2014 நவம்பர் 23 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் சாவராவைப் புனிதராக அறிவித்தபோது, பங்கில் நடந்த நன்றித் திருப்பலியில் அவருடைய வாழ்க்கையைப் பற்றிய மறையுரையை அம்மா கூர்ந்து கேட்டிருக்கிறார். ஆலப்புழைக்கு அருகே கைநகரி என்னும் நீர் சூழ்ந்த ஊரில் 1805 பிப்ரவரி 10 அன்று பிறந்தவர். சிறுவயதிலேயே குருத்துவப் படிப்புக்குச் சென்றவர். அங்கே இருக்கும்போதே தந்தையையும் தாயையும் ஒரே அண்ணனையும் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, திரும்பி வா என்று உறவினர் அழைத்தும் குருத்துவத்தை விடாமல், 1829-இல் அர்த்துங்கலில் குருவானவர். இந்த இடத்தில்தான் அம்மாவின் மனம் சிக்கிக்கொண்டது. மன்னானத்தில் 1831-இல் துறவற மடம் எழுப்பியதும், 1846-இல் அச்சுக்கூடம் அமைத்ததும், ஆலயந்தோறும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டுமென்று பணித்ததும் அம்மாவுக்கு இரண்டாம் பட்சம். "ஏம்பா, அந்த வீட்டிலே அடுப்படி இருக்குமா?" என்றுதான் என்னைக் கேட்டார்.

கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் நம் யாத்திரைகள் பெரும்பாலும் புனிதர்களின் கல்லறைகளுக்கும் பீடங்களுக்குமே செல்கின்றன. ஒரு புனிதரை அவருடைய தாய் சோறூட்டி வளர்த்த வீட்டில் சென்று பார்ப்பது வேறு அனுபவம். 1868-இல் சாவரா தம் சொந்தப் பங்கான கைநகரி மக்களுக்கு, ஒரு நல்ல தகப்பன் தன் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் சாவருளாக, குடும்பம் எப்படி ஒன்றுபட்டு வாழ வேண்டும் என்று எழுதி அனுப்பினார் என்பதை நான் சொன்னபோது அம்மா அதையும் மனத்தில் முடிந்துகொண்டார். அந்த வீடு இன்றும் பேணப்பட்டு வருகிறது. ஆலப்புழையிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர். வழி தண்ணீர்வழி.

"கால்வாயில் படகேற ஆலப்புழைக்கா போக வேண்டும்? சென்னையிலே இல்லாத கால்வாயா?" என்று என் மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்விதான், நூறாண்டுக்கு முன் கேட்டிருந்தால். பக்கிங்காம் கால்வாயின் முதற் பகுதி 1806-இல் தொடங்கியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877-78 பஞ்ச காலத்தில், பட்டினி கிடந்த மக்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டு வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே அதற்கு நிலைத்தது. ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை அதன் வழியே விறகும் உப்பும் நெல்லும் படகுகளில் சென்றன. பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு அதில் படகில் சென்றதைத்தான் 'மாவலிபுரச் செலவு' என்று பாடினார். இன்றோ நகரத்துக்குள் அந்தக் கால்வாயில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. சாக்கடை நீர் நிற்கிறது. பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய் நின்றவர்கள் வெட்டிய வாய்க்காலை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது. அதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

ஆலப்புழையின் கால்வாய்களும் முழுத் தூய்மையானவை என்று சொல்லமாட்டேன். ஆயினும் அவற்றில் இன்னும் படகு ஓடுகிறது. திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த நகரத்தைத் துறைமுகமாக உருவாக்கியபோது, வேம்பநாட்டுக் காயலிலிருந்து சரக்கு கடற்கரைக்கு வந்து சேரவேண்டி, காயலுக்கும் கடலுக்கும் இடையே கால்வாய்கள் வெட்டப்பட்டன. வாடைக் கால்வாய் என்றும் வாணிபக் கால்வாய் என்றும் இரண்டு கால்வாய்கள் நகரின் ஊடே ஏறத்தாழ ஒன்றுக்கொன்று இணையாகச் செல்கின்றன. மலைமிளகும் கயிறும் கொப்பரையும் அவற்றின் வழியே வந்தன. 1859-இல் கயிற்றுப் பாய் நெய்யும் முதல் தொழிற்சாலை எழுந்தது. 1862-இல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. பிறகு கொச்சித் துறைமுகம் வளர்ந்ததும் ஆலப்புழையின் கப்பல் வாணிபம் தேய்ந்தது. கப்பல் போனாலும் கால்வாய் போகவில்லை. பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே படகுத் துறை இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் மீன் கூடைக்காரிகளும் நம்மவர் நகரப் பேருந்தில் ஏறுவதுபோல அங்கே படகில் ஏறுகிறார்கள்.

எங்களுக்கு வழியும் எளிது. சென்னையிலிருந்து ஆலப்புழைக்குச் செல்லும் விரைவு வண்டியை ஜோலார்பேட்டையில் இரவில் பிடித்தால், மறுநாள் முற்பகலில் ஆலப்புழையில் இறங்கலாம். அன்று ஓய்வு. அதற்கடுத்த நாள் காலையில் படகு. நகரத் துறையிலிருந்து கால்வாய் வழியே கிழக்கே சென்றால் புன்னமடை. ஆண்டுதோறும் நேரு கோப்பைக்காகப் பாம்புப் படகுகள் போட்டியிடும் அகன்ற நீர்ப்பரப்பு. அதைக் கடந்தால் குட்டநாடு. கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் நாடு அது. வரப்பு உயரத்தில் இருக்கும், வயல் பள்ளத்தில் இருக்கும். படகிலிருந்து பார்ப்பவர் வயலைக் குனிந்து பார்க்க வேண்டும். ஏரியிலிருந்து வயலுக்கு நீர் பாய்ச்சுவது நம் பழக்கம். அவர்கள் வயலிலிருந்து நீரை இறைத்து வெளியே கொட்டினால்தான் விதைக்க முடியும். முற்காலத்தில் காலால் மிதிக்கும் சக்கரங்களால் இறைத்தார்கள். இன்று மின்பொறிகளால் இறைக்கிறார்கள். 2013-இல் உலக உணவு வேளாண்மை நிறுவனம் இவ்வேளாண்மை முறையை உலகப் பாரம்பரியங்களுள் ஒன்றாக ஏற்றது. சவ்வாது மலையில் சரிவிலே சாமை விதைக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்த என் பேரனுக்கு இதைக் காட்ட வேண்டும் என்பது என்னுடைய தனி ஆசை.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய சிக்கல் எழவில்லை. கிறிஸ்மஸ் விடுமுறையில் ஆலப்புழையில் கால்வைக்க இடமிராது. ஜனவரி 20-ஐ ஒட்டி அர்த்துங்கலில் புனித செபஸ்தியார் திருவிழாக் கூட்டம். தென்மேற்குப் பருவமழையின்போது முதியவர்களையும் குழந்தைகளையும் கொண்டு காயலில் இறங்குவதை நான் விரும்பவில்லை. பிப்ரவரியில் வானம் தெளிந்திருக்கும். புஞ்சை நெல் பசுமையாக நிற்கும். பிப்ரவரி 10 புனிதரின் பிறந்த நாளும்கூட. ஒன்றை மட்டும் படகுக்காரர் சொன்னார். அந்த மாதங்களில் உப்புநீர் ஏறி நெல்லைக் கெடுக்காதபடி தண்ணீர்முக்கத்து அணையின் கதவுகள் சாத்தப்பட்டிருக்கும். உப்பு வராவிட்டால் ஆகாயத்தாமரை செழிக்கும். அது படகின் விசிறியில் சுற்றிக்கொண்டால் நிறுத்தி அறுத்தெடுக்க வேண்டும். ஆகவே மூன்று மணி நேரப் பயணத்துக்கு நான்கு மணி நேரம் ஒதுக்க வேண்டும். நெல்லுக்கு நன்மை செய்யும் கதவு படகுக்குத் தீமை செய்கிறது. உலகத்தில் பல ஏற்பாடுகள் அப்படித்தான் இருக்கின்றன.

இனிப் படகு. அங்கே மூன்று வகை உண்டு. முதலாவது, விளம்பரங்களில் காணும் வீட்டுப்படகு. ஆணியின்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்து நெல் ஏற்றிச்சென்ற பழைய கெட்டுவள்ளத்தின் வழித்தோன்றல் அது. அதில் படுக்கையறையும் சமையலாளும் உண்டு. வாடகை எங்கள் கைக்கு அடங்காது. தவிர, கைநகரியின் குறுகிய தோடுகளுக்குள் அது நுழையாது. இரண்டாவது, கேரள அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகு. 1968-இல் தொடங்கிய இத்துறைக்கு ஆலப்புழையே தலைமையிடம். சீட்டு வாங்கி ஏறலாம், பேருந்துக் கட்டணம்தான். மூன்றாவது, கூரை வேய்ந்த சிறு இயந்திரப் படகு. சிக்காரா என்கிறார்கள். பக்கம் தாழ்ந்திருப்பதால் முழங்கால் வலியுள்ள ஒருவர் கரையிலிருந்து காலை இறக்கி வைப்பதற்கு அது ஏற்றது. அம்மாவை முன்னிட்டு அதையே தேர்ந்தோம். ஓட்டுநர் ஒருவர், உதவியாளர் ஒருவர். பயணிகள் ஆறு பேர். ஆறு என்பது அந்தப் படகின் உரிமத்தில் எழுதப்பட்டிருந்தது. நாங்களும் ஆறு பேரே: அம்மா, என் மனைவி, மகள், மருமகன், பேரன், நான். கணக்கு நேராக இருந்தது.

பிறகு செய்தி பரவிற்று. முதலில் மைத்துனரும் அவர் மனைவியும் வருவதாகச் சொன்னார்கள். அடுத்து வாணியம்பாடியிலிருந்து சின்னம்மா தொலைபேசியில் அழைத்தார். சின்னம்மா என் தாயாரின் தங்கை, வயது 76. தாய்வீட்டுப் பங்கு விஷயமாக அக்காளும் தங்கையும் எட்டாண்டாக மனம் விட்டுப் பேசியதில்லை; சாவு வீட்டில் கண்டால் கைகூப்புவார்கள், அவ்வளவே. அப்படிப்பட்டவர் தாமாகவே அழைத்து, "அக்காவோட நானும் வரட்டுமா?" என்றார். அவர் வருவதென்றால் மகனும் மருமகளும் இரண்டு குழந்தைகளும் உடன் வருவார்கள். ஆறு, பதின்மூன்று ஆயிற்று.

"ஒரு படகிலே நெருக்கி உட்கார்ந்தால் ஆயிற்று, குழந்தைகள் மடியில் இருக்கட்டும், அனுசரித்துக் கொள்ளலாம்" என்றார் மைத்துனர்.

அனுசரித்துக் கொள்வது நம் குடும்பங்களின் உயிர்நாடி. மூவர் உட்காரும் இருக்கையில் நால்வர் அமர்வதும், இருவருக்கு ஆக்கிய சோற்றை ஐவர் பகிர்வதும், ஓர் அறையில் கலியாண வீட்டார் அத்தனை பேரும் பாய் விரித்துப் படுப்பதும் நமக்கு அன்பின் அடையாளம். இடமில்லை என்ற சொல் நம் வாயில் வராது. வந்தால் அது வசையாகிவிடும். இவ்வளவு நல்ல குணம் தரையில் மட்டுமே நல்லது என்பதை எப்படிச் சொல்லுவது? தண்ணீர் யாருக்கும் உறவில்லை. மடியிலிருக்கும் குழந்தைக்கும் எடை உண்டு.

நான் விவரங்களைத் தேடி எடுத்து மைத்துனர் முன் வைத்தேன். 2002 ஜூலை 27 அன்று முகம்மையிலிருந்து குமரகத்துக்குச் சென்ற பயணிகள் படகு வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி 29 பேர் மாண்டார்கள். வேலைக்கான தேர்வெழுதச் சென்ற இளைஞர்கள் அதில் இருந்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைக் காணும் ஆவலில் பயணிகள் ஒரு பக்கமாகச் சென்றதால் படகு சாய்ந்தது என்று அப்போது கூறப்பட்டது. 2023 மே 7 அன்று தானூரில் 22 உயிர்கள் போயின; இறந்தவர்களுள் பலர் ஒரே குடும்பத்தவர். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மேல் ஆளேற்றி, இருட்டியபின் ஓட்டியிருந்தார்கள். அந்தக் குடும்பத்திலும் யாரோ ஒருவர், அனுசரித்துக் கொள்ளலாம் என்று அன்போடுதான் சொல்லியிருப்பார்.

படகு சாய்வதன் காரணத்தைத் தலைச்சுமை தூக்கியவர் எளிதில் உணர்வார். இடுப்பில் குடம் இருக்கும்போது குனிந்து நிமிரலாம். தலையில் குடம் இருக்கும்போது சற்றுச் சாய்ந்தாலும் குடம் நம்மை இழுத்துக்கொண்டு போகும். படகில் எல்லோரும் கீழே உட்கார்ந்திருந்தால் பாரம் அதன் அடிவயிற்றில் இருக்கிறது. இரண்டு பேர் எழுந்து நின்றாலே பாரம் தலைக்கு ஏறுகிறது. ஆள் கூடக் கூடப் படகின் விளிம்பு நீரை நோக்கித் தாழ்கிறது. அந்த நிலையில் ஒரு வீட்டுப்படகு எழுப்பும் அலை பக்கவாட்டில் வந்து ஒரு வாளித் தண்ணீரை உள்ளே தள்ளினால், நீந்தத் தெரியாத நாம் அலறியடித்து மறுபக்கம் பாய்வோம். கவிழ்ப்பது அலையன்று, அந்தப் பாய்ச்சலே. மலைப்பக்கத்திலிருந்து செல்லும் நமக்கு இந்தப் பாய்ச்சல் இயற்கையாகவே வரும். தண்ணீரோடு வளர்ந்தவன் அசையாமல் உட்காருவான்.

இதையெல்லாம் கேட்டபின் மைத்துனர், "சாமி இருக்கிறார்" என்றார். மறுமொழிக்கு நான் மறைநூலையே எடுக்க வேண்டியதாயிற்று. அம்மா இன்றும் சின்னப்பர் என்றே சொல்லுகிற புனித பவுல் உரோமைக்குக் கைதியாகக் கடலில் சென்ற கதை திருத்தூதர் பணிகளில் இருக்கிறது. இந்தக் காலத்தில் பயணம் வேண்டாம் என்று அவர் எச்சரித்தார். நூற்றுவர் தலைவன் அவர் சொல்லைக் கேளாமல் மாலுமியின் சொல்லைக் கேட்டான், பெரும்பாலானோரும் போகலாம் என்றார்கள், கப்பல் உடைந்தது. அந்தப் பகுதியை எழுதியவர் கப்பலில் இருந்தவர்கள் 276 பேர் என்று எண்ணிக் குறித்து வைத்திருக்கிறார். புயலுக்கு நடுவே தலையை எண்ணியவர் யாரோ ஒருவர் இருந்திருக்கிறார். இராயப்பரும் மீன்பாடு மிகுந்தபோது அத்தனையையும் தம் படகிலேயே திணிக்கவில்லை. கூட்டாளிகளைச் சைகை காட்டி அழைத்து மற்றொரு படகை வரவழைத்தார். ஆண்டவர் புயலை அடக்கிய அந்த மாலையிலும் வேறு படகுகள் அவரோடு சென்றன என்று மாற்கு ஒரு வரியில் சொல்லிச் செல்கிறார். எல்லோரும் ஆண்டவரோடு போக ஆசைப்பட்டும் எல்லோரும் அவருடைய படகில் ஏறவில்லை.

மைத்துனர் விடை சொல்லவில்லை. மூன்று வாரம் வீட்டுப் பக்கம் வரவுமில்லை. அந்த மூன்று வாரமும் என் மனைவி எனக்குச் சோறு பரிமாறிய விதத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

எனக்கு மைத்துனரைவிடச் சின்னம்மாவே பெரிய கவலை. எட்டாண்டுக்குப் பின் நீட்டிய கையை, படகில் இடமில்லை என்ற காரணத்தால் தட்டிவிட்டதாக ஆகிவிட்டால் அது அவர்கள் இருவரின் வாழ்நாளில் மீண்டும் நீளாது. ஒருவருக்கு 81, மற்றவருக்கு 76. இரண்டாவது சிறுபடகு அமர்த்தும் செலவைக் கணக்கிட்டுப் பார்த்தேன். சின்னம்மாவின் மகனுக்கு அது சுமை, நான் கொடுத்தால் அவருக்கு அது குறை. அப்போதுதான் பேருந்துபோல் ஓடும் அரசுப் படகு நினைவுக்கு வந்தது. கைநகரிக்கு அது போகிறது. படகுத் தலைவர் ஒருவர், சக்கரம் பிடிக்கும் ஸ்ராங்கு, இயந்திரத்தைப் பார்க்கும் ஓட்டுநர், கயிறு வீசிக் கட்டும் லாஸ்கர்கள் இருவர் என்று தேர்ந்த பணியாளர் அதில் உண்டு. பழைய மரப்படகுகளில் முன்னே அமர்ந்த ஸ்ராங்கு கயிற்றை இழுத்து மணியடிக்க, பின்னே இருக்கும் ஓட்டுநர் அந்த மணியின் கணக்கறிந்து இயந்திரத்தை இயக்குவார். ஒருவரையொருவர் காணாமலே இருவரும் ஒரு படகை ஓட்டுவார்கள். 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில் குட்டநாடு முழுகியபோது மக்களை ஆயிரக்கணக்கில் ஆலப்புழைக்குக் கொண்டுவந்து சேர்த்தவற்றுள் இத்துறையின் படகுகளும் உண்டு. சிறுபடகில் முதியவர்கள், மற்றவர்கள் அரசுப் படகில்.

ஆனால் சின்னம்மா சிறுபடகில் ஏறினால் ஏழாகிறது. யாரேனும் ஒருவர் இறங்க வேண்டும். மருமகன் இறங்க முடியாது: எங்களுள் நீச்சல் தெரிந்தவர் அவர் ஒருவரே, நாட்டறம்பள்ளியில் கிணற்றில் பழகியவர், எர்ணாகுளத்தில் இரண்டாண்டு வேலை பார்த்ததால் மலையாளமும் அறிவார். மனைவி அம்மாவின் மாத்திரை நேரங்களை அறிந்தவர். மகளில்லாமல் பேரன் இருக்கமாட்டான். எனவே நான் அரசுப் படகில் செல்லுகிறேன்.

கடந்த மாதம் ஒரு வார நாளில் எல்லோரும் புங்கனூர் ஏரிக்குச் சென்று ஒத்திகை பார்த்தோம். படகேறுவதில் ஆபத்தான நொடி ஒரு கால் கரையிலும் ஒரு கால் படகிலும் இருக்கும் நொடிதான். அம்மாவுக்கு மருமகன் முன்கையைப் பிடிக்கக் கொடுத்தார்; விரலைப் பிடித்தால் நழுவும், முன்கையைப் பிடித்தால் நிலைக்கும். முதலில் உட்கார்ந்து, பிறகு காலை இறக்கி, பிறகு நகர வேண்டும் என்று இரண்டு முறை செய்து பார்த்தார். லைஃப் ஜாக்கெட் என்னும் மிதவைச் சட்டையைச் சேலைக்கு மேலே அணிந்து, கழுத்துக்கு ஏறிவராதபடி வாரை இறுக்கக் கற்றார். "மாடு பூட்டுகிற மாதிரி இருக்குது" என்று முணுமுணுத்தார், கழற்றவில்லை. பேரனுக்குச் சிறுவர் அளவுச் சட்டை வேண்டுமென்று படகுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தோம். பெரியவர்களுடையதைக் குழந்தைக்கு மாட்டினால் குழந்தை அதிலிருந்து வழுக்கிக் கீழே போய்விடும்.

சிறுபடகில் கழிப்பறை கிடையாது. இதை எழுதக் கூச்சப்படுகிறவர்கள் முதியவர்களோடு பயணம் செய்யாதவர்கள். காலையில் புறப்படுமுன் நீர் குறைத்துப் பருகுவது சர்க்கரை நோயுள்ள அம்மாவுக்கு ஆகாது. ஆகவே கைநகரி வரை ஒரே நீட்டாகச் செல்லாமல் இடையில் ஒரு வீட்டுத் துறையில் நிறுத்தும்படி படகுக்காரரோடு பேசி வைத்தாயிற்று. உணவு எலுமிச்சைச் சோறு. மாலை மங்குமுன் நகரத் துறைக்குத் திரும்பிவிட வேண்டும். அந்தியில் மீனவர் வலை விரிப்பார்கள். வீட்டுப்படகுகளே ஐந்தரை மணிக்குக் கரையொதுங்கும் நீரில் எங்களுக்கு என்ன வேலை?

வேலைகளையும் பிரித்தோம். மருமகன் அம்மாவின் அருகில். அவர் படமெடுக்கக் கூடாது. மகள் பேரனின் அருகில். மனைவியிடம் மருந்துப் பை. படகுக்காரர் வானத்தைப் பார்த்து இன்று வேண்டாம் என்றால், மறுபேச்சின்றித் திரும்பும் அதிகாரம் சின்னம்மாவுக்கு. அம்மாதான் இதைச் சொன்னார். "அவளுக்குத்தான் பயம் அதிகம். அவள் சொன்னால் நான் கேட்பேன்" என்றார். வாணியம்பாடிக்கு இச்செய்தியைத் தொலைபேசியில் நான் தெரிவித்தபோது மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "அக்கா அப்படிச் சொல்லிச்சா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை அவரே அம்மாவை அழைத்தார். பங்கு விஷயம் பேசினார்களா என்று எனக்குத் தெரியாது. மிதவைச் சட்டையைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள்.

மைத்துனரும் சென்ற ஞாயிறு திருப்பலிக்குப் பின் கோயில் வாசலில் என்னை நிறுத்தி, அரசுப் படகில் சன்னலோர இடம் கிடைக்குமா என்று விசாரித்தார். ஆக, சிறுபடகில் ஆறு பேர், பெரிய படகில் ஏழு பேர். நாற்பதாண்டு பள்ளியில் வருகைப் பதிவு எடுத்தவன் ஆகையால், ஜோலார்பேட்டையில் ஏறும்போது ஒரு முறை, ஆலப்புழைத் துறையில் ஒரு முறை, கைநகரியில் இரு படகும் சேர்ந்தபின் ஒரு முறை தலையெண்ணும் பொறுப்பு என்னுடையது. ரயில் சீட்டுகள் வாங்கியாயிற்று. படகுக்கு முன்பணமும் போயிற்று.

வீட்டுப் பசுவுக்கு அந்த நாட்களில் தீனி வைத்துத் தண்ணீர் காட்டுவது யார் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனைக் கேட்டோம். அவர் சற்று யோசித்துவிட்டு, "அந்தப் பெரிய படகிலே இன்னும் ஓர் ஆளுக்கு இடமிருக்குமா, சார்?" என்று கேட்டார்.